கலைவாணியின் மூன்று மேடைகள்

உங்களில் நாலைந்து பேர் இந்த ஜூனில்தான் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே பிடித்து, பன்னிரண்டு முடிப்பதற்குள் சுலபத்தில் இடம் கிடைக்காத பெரிய கல்லூரிகளின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. புதுச்சேரியில் அந்த வேலையைப் பதினோரு வருஷம் பார்த்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் கைபேசியே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்றை, நான் மானம் போய்க் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். சிரிக்கத் தோன்றினால் தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் ஆசிரியர் அறையில் இன்னமும் சிரிக்கிறார்கள்.

அதற்கு முன் நான் இருபது வருஷம் ஆங்கிலம் நடத்தியவள். ஒருநாள் நிர்வாகம் கூப்பிட்டு, "இனிமே நீங்கதான் கவுன்சிலர்" என்றது. அறைக் கதவில் பலகையும் மாட்டினார்கள். முதல் வாரம் என்னைத் தேடி வந்த முதல் ஆள் எங்கள் வாட்ச்மேன். அவர் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு பத்து நாளாகிறதாம். மனுவைக் கையில் கொடுத்துவிட்டு, "நம்ம ஊர்ல எலெக்‌ஷனே நடக்கல, நீங்க எப்ப மேடம் ஜெயிச்சீங்க?" என்று வேறு கேட்டார். அவரவர் கவலைக்கு ஏற்றபடிதான் ஒரு சொல்லை அவரவர் படிப்பார்கள் என்று அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்கலாம். புரிந்துகொள்ளவில்லை. மனுவை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

வேலைக்கு வந்த பிறகுதான் பெற்றோர்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று தெரிந்தது. மதிப்பெண் மட்டும் போதாது, சமூக சேவை வேண்டும், தலைமைப் பண்பு வேண்டும் என்று யாரோ எங்கேயோ சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், அதில் பதினொரு பேர் தொண்டு நிறுவனத் தலைவர்கள். பதினொன்றும் கடற்கரையைச் சுத்தம் செய்கிற நிறுவனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து நிறுவனங்கள் ஒரே நேரத்தில் பேனரோடு வந்து இறங்கியதில், ஆறரை மணிக்கெல்லாம் குப்பை தீர்ந்துவிட்டது. ஒரு அப்பா காரின் டிக்கியைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த காகிதக் கோப்பைகளை மணலில் தூவி, மகனைக் குனியச் சொல்லிப் படம் எடுத்தார். அதை நானே நின்று பார்த்தேன். அந்தப் படமும் எனக்கு வந்தது, விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லி.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் கலைவாணி வீட்டில் நிரப்பிக் கொடுத்த பாரம் என் மேஜைக்கு வந்தது. அவள் அப்பா தேவநாதன், தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் பழுதுபார்க்கிற கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தேவநாதன் இந்த ஊரிலேயே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கையில் கிரீஸ், வாயில் பிரெஞ்சு. என் அறைக்குள் வந்து, நாற்காலியில் அழுக்குப் படும் என்று உட்காராமலே பேசினார்.

"எங்க ஸ்கூல்ல தொராஸியேம்ல, அதாவது ஒம்பதாவதுல, எல்லாரும் ஒரு வாரம் ஸ்தாஜ் போயே ஆவணும் மிஸ். இல்லன்னா புள்ளைக்கு உலகம் தெரியாது. இவளையும் லீவுல அனுப்பிட்டேன். வருஷா வருஷம் அனுப்பறதா இருக்கேன்."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பிரெஞ்சில் ஸ்தாஜ் என்றால் ஒரு வேலையிடத்துக்குப் போய், கூட இருந்து, வேலை பழகுவது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு வழக்கம். எழுதும்போது அதே எழுத்துகள்தான்: எஸ், டி, ஏ, ஜி, இ. ஆங்கிலத்தில் படித்தால் ஸ்டேஜ், அதாவது மேடை.

நான் ஆங்கில ஆசிரியை. எப்படிப் படித்திருப்பேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் உச்சரிப்பு கொஞ்சம் மோசம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"நல்லதுங்க. கூச்சம் போயிடும்" என்றேன்.

"கூச்சம்லாம் சுத்தமா போயிடும் மிஸ்" என்றார். இருவரும் திருப்தியாகப் பிரிந்தோம்.

பாரத்தில் மற்ற செயல்பாடுகள் என்ற கட்டத்தில் அவர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஸ்டேஜ், தேங்காய்த்திட்டு, ஒரு வாரம். பெயரே கலைவாணி. விடுமுறை மே மாதம். அந்த மாதத்தில் எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்கா பஞ்சம்? பெண் பரதநாட்டியம் ஆடுகிறாள் என்று முடிவு கட்டினேன். ஒரு வாரமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அதையும் நானே சரிசெய்துகொண்டேன். ஒத்திகையையும் சேர்த்திருப்பார்.

பத்தாம் வகுப்பில் பாரம் வந்தது: ஸ்டேஜ், தட்டாஞ்சாவடி. தொழிற்பேட்டையில் நடனமா? ஏன் இருக்கக் கூடாது, ஆயுத பூஜைக்கு மேடை போட்டிருப்பார்கள். பதினொன்றாம் வகுப்பில்: ஸ்டேஜ், வைத்திக்குப்பம். இதற்கு யோசிக்கவே தேவையில்லை. மாசி மகத்துக்கு எத்தனை ஊர்ச் சாமிகள் அங்கே கடலாட வருகின்றன! மூன்று வருஷம், மூன்று மேடை. பதினொரு குப்பை நிறுவனங்களுக்கு நடுவில் உண்மையான ஒரு கலைஞி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீங்கள் கேட்கலாம், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லையா என்று. பேசினேன். அதுதான் இன்னும் மோசம்.

"ஸ்டேஜ்ல பயமா இருந்துச்சாம்மா?" என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டேன்.

கலைவாணி அதிகம் பேசாத பெண். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்வாள். "மொத நாள் பயந்தான் மிஸ். ரொம்பக் குளிரு. கையெல்லாம் மரத்துப்போச்சு."

ஏசி அரங்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். "கூட்டம் அதிகமோ?"

"காலையில கூட்டந்தான் மிஸ். எல்லாரும் சத்தம் போடுவாங்க. ஒருவாட்டி வழுக்கி விழுந்துட்டேன்."

"அப்புறம்?"

"எழுந்து செஞ்சேன். நிறுத்த முடியாதுல்ல?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. மேடையில் விழுந்தும் எழுந்து ஆடிய பெண்! அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகம். அங்கே இடம் கிடைப்பது சாமானியம் அல்ல, கிடைத்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கலைவாணிக்குப் பொருளறிவியல், அதாவது மெட்டீரியல் சயின்ஸ், படிக்க ஆசை. அதென்ன திடீரென்று பொருளறிவியல் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஆடுகிற பெண்ணுக்கு அறிவியலும் வரக்கூடாதா என்ன? நாலைந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவள் அம்மா சொன்னபோது, ஒரே இடத்தில் மனசை வைக்கட்டும் என்று சொன்னவளும் நான்தான். என் பேச்சைக் கேட்டு வேறு எங்கேயும் அவள் விண்ணப்பிக்கவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது கிடைக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போகும்.

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டுவந்த முதல் வரி, தமிழில் சொன்னால் இது: "என் முதல் ஸ்டேஜில் ஒரு வாரம் ஐஸ் பிளாண்டில் நின்றேன்."

இருபது வருஷம் கட்டுரை திருத்திய கை சும்மா இருக்குமா? மேடைப் பயத்தை இந்தப் பெண் பனிக்கட்டியாக உருவகம் செய்கிறாள், ஆனால் உவமை உருபு விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. சிவப்பு மையால் திருத்தினேன்: "என் முதல் மேடையில், ஐஸ் பிளாண்டில் நிற்பதைப் போல உறைந்து நின்றேன்."

கலைவாணி அதை வெகுநேரம் பார்த்தாள். "மிஸ், 'போல'ன்னு கண்டிப்பா போடணுமா?"

"போடணும்மா. அப்பதான் அது இலக்கியம்."

"சரி மிஸ்."

அடுத்த பத்தியில் ஐஸ் உருகுவதைப் பற்றி எழுதியிருந்தாள். அதையும் விடவில்லை நான். அவள் உருகுவதாக மாற்றினேன்.

பிறகு என் பரிந்துரைக் கடிதம். அதில்தான் என் முழுத் திறமையையும் காட்டினேன். மூன்று மேடைகளையும் ஊர் ஊராக வர்ணித்தேன். விழுந்தும் எழுந்து ஆடிய கதையைச் சொன்னேன். கடைசியில், கை கூசாமல், இப்படி ஒரு வரி எழுதினேன்: "அவள் மேடையில் உருகுவதைக் கண்ட எவரும் அதை மறக்க மாட்டார்கள், நானும் மறக்கவில்லை." நான் எதைக் கண்டேன்? ஒரு சலங்கைச் சத்தம்கூடக் கேட்டதில்லை. ஆனால் எழுதும்போது கண்ணில் நீர் முட்டியது என்பது சத்தியம்.

ஒரு வியாழக்கிழமை மதியம் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. கலைவாணி நேர்காணலுக்குத் தேர்வாகியிருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளியிலிருந்தே வீடியோவில் பேசலாம். கீழே ஒரு வரி: தங்கள் ஆசிரியையின் கடிதம் எங்களை நெகிழ வைத்தது, நேர்காணலில் ஐந்து நிமிடம் தங்கள் நடனத்தைக் காண ஆவலாக இருக்கிறோம்.

அதை அச்செடுத்துக்கொண்டு கலைவாணி என் அறைக்கு வந்தாள்.

"மிஸ், யாரோட டான்ஸ்?"

"உன்னோடதுதாம்மா. எது நல்லா வருமோ அதை ஆடு."

"எனக்கு டான்ஸே தெரியாதே மிஸ்."

அடக்கத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "மூணு வருஷமா ஸ்டேஜ் ஏறிட்டு என்னம்மா பேசற?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "ஸ்தாஜ் மிஸ்" என்றாள். "தேங்காய்த்திட்டுல, படகுக்கு ஐஸ் தர்ற பிளாண்ட்ல ஒரு வாரம். தட்டாஞ்சாவடில லேத் பட்டறைல ஒரு வாரம். வைத்திக்குப்பத்துல மீன் விக்கற ஒரு அக்கா கூட ஒரு வாரம். வேலை பழகறது."

நான் உட்கார்ந்தேன். அந்தச் சுழல் நாற்காலி இடப்பக்கம் சாயும். சாய்ந்து, மேஜையைப் பிடித்து, நிமிர்ந்தேன்.

"நான் ஸ்டேஜ் ஸ்டேஜ்னு சொல்லும்போது நீ ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"உங்களுக்கு பிரெஞ்சு உச்சரிப்பு வரலன்னு நெனச்சேன் மிஸ். சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல?"

அவளுக்கு உதடு துடிக்க ஆரம்பித்தது. அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

தேவநாதனுக்குப் போன் செய்தேன். வந்து, கேட்டு, முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆயுத பூஜைக்கா மிஸ்? எம் பொண்ணா?" மகள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இப்ப என்ன ஆவும் மிஸ்?" என்றார்.

செய்தி ஆசிரியர் அறைக்கு எட்டியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எங்கள் நடன மாஸ்டரைக் கூப்பிட்டு இரண்டு நாளில் ஐந்து நிமிஷத்துக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டோம். அவர் கலைவாணியை அரைமண்டியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். "மேடம், ஒக்காந்து மீன் வெட்டற மாதிரியே இருக்குது. ரெண்டு நாள்ல மொதப் பாடம் தட்டடவுகூட வராது" என்று போய்விட்டார். கணக்கு ஆசிரியர் சொன்னதுதான் எல்லோருக்கும் பிடித்தது: கால் சுளுக்கு. கட்டுப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார வேண்டியது. இரண்டு நாள் முன்னால் ஒத்திகையில் சுளுக்கிக்கொண்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து கிரேப் பேண்டேஜை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். இடது காலா வலது காலா என்றுகூட யோசித்தாகிவிட்டது. வழியில் எங்கள் தலைமையாசிரியை நின்றிருந்தார். அவர் அதிகம் பேச மாட்டார், பேசினால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். கையிலிருந்த பேண்டேஜைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"சுளுக்கு அந்தப் பொண்ணுக்கா, உங்க லெட்டருக்கா?" என்றார்.

நான் பேண்டேஜை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"லெட்டருக்குன்னா, கட்டு அங்க போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வராந்தாவில் எனக்குச் சுரீரென்று உறைத்தது. பொய் சொன்னது நான். இப்போது அந்தப் பொய்யைக் காப்பாற்ற அந்தப் பெண்ணின் காலைக் கட்டப்போகிறேன். மூன்று வருஷம் என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள். பேண்டேஜைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

கடிதம் எழுதுவது எனக்குக் கஷ்டமான காரியமே அல்ல. அன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய நாலு வரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. என் கடிதத்தில் உள்ள நடனம் முழுக்க என் கற்பனை. ஒரு பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலமாகப் படித்தது என் தவறு. அவள் கட்டுரையில் உள்ள 'போல' என்ற சொல்லை நான் சேர்த்தேன், அதை எடுத்துவிட்டுப் படிக்கவும். மாணவிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவ்வளவுதான். அனுப்பினால் பள்ளியின் பெயரும் போகலாம், அவள் நேர்காணலே ரத்தாகலாம். தேவநாதனைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டினேன்.

"உங்க பேரு கெட்டுடுமே மிஸ்" என்றார்.

"கெடட்டும்ங்க. பொண்ணு என்ன சொல்றா?"

கலைவாணி கடிதத்தை ஒருமுறை படித்தாள். "'போல' போயிடுச்சுல்ல, அனுப்பிடுங்க மிஸ்" என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. நான் அன்றைக்கு மட்டும் எண்பது தடவையாவது மின்னஞ்சலைத் திறந்திருப்பேன். பள்ளி விடுகிற நேரத்தில் ஒரு வரி வந்தது: "தகவலுக்கு நன்றி. மாணவி அந்த ஐந்து நிமிடத்தை விரும்பியபடி பயன்படுத்தலாம்." கோபமா, மன்னிப்பா, மரியாதையா என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஆங்கிலம் படித்து என்ன பிரயோஜனம்?

கலைவாணிதான் கேட்டாள். "மிஸ், ஒரு ஐஸ் பார் கொண்டாரலாமா?"

ஐஸ் பார் என்றால் குழந்தைகள் சப்புகிற குச்சி ஐஸ் என்று நினைத்துவிடாதீர்கள். படகுகளுக்கு ஏற்றுகிற முழுப் பாளம். ஆள் உயரத்தில் பாதி இருக்கும். சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஒரு சரக்கு ஆட்டோ பள்ளி வாசலில் வந்து நின்றது. கோணிப்பையில் சுற்றிய பாளத்தைத் தேவநாதனும் இன்னொருவரும் தூக்கிவந்தார்கள். நேர்காணலுக்கு நாங்கள் ஏற்பாடு செய்திருந்தது கம்ப்யூட்டர் அறை. அதன் பொறுப்பாளர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், செருப்பே உள்ள விடமாட்டேன் நான். ஐஸா?"

"செருப்பக் கழட்டிட்டுத்தான் வருதுங்க" என்றார் தேவநாதன்.

உயிரியல் ஆய்வகத்திலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வந்தது. அதில் பாளம் பாதிதான் அடங்கியது. பத்து மணிக்குத் திரையில் மூன்று பேர் தோன்றினார்கள், நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். நான் கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, வெறுங்காலோடு நின்றேன்.

முதல் பத்து நிமிஷம் வழக்கமான கேள்விகள். பிறகு அந்த அம்மாள், "சரி, உங்கள் ஐந்து நிமிடம்" என்றார்.

கலைவாணி கோணியை விலக்கினாள். கூர்முனைக் கம்பியை எடுத்தாள். பாளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, கையால் தடவி, ஒரு இடத்தில் நின்றாள். ஒரு தட்டு. இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்குப் பாளம் நடுவில் கோடு கிழித்ததுபோலப் பிளந்து, இரண்டு பாதியும் தொட்டியின் இரு பக்கமும் சரிந்தன. தொட்டி கவிழ்ந்தது. தண்ணீர் கேபிள்களை நோக்கி ஓட, பொறுப்பாளர் "ஐயோ" என்று உள்ளே பாய்ந்து, வழுக்கி, உட்கார்ந்தபடியே போய் ஒரு மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டார். திரையில் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கலைவாணி மட்டும் நிறுத்தவில்லை. ஒரு பாதியைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினாள்.

ஆங்கிலத்தில்தான் பேசினாள். திக்கித் திக்கி, ஆனால் ஒரு இடத்தில்கூட உவமை இல்லாமல் பேசினாள். பாளத்தின் ஓரம் கண்ணாடியாக இருக்கிறது, நடுவில் வெள்ளையாக இருக்கிறது. வெள்ளையில் காற்று அடைபட்டிருக்கிறது, உடைந்தால் அங்கேதான் முதலில் கரைகிறது. ஐஸ் பிளாண்டில் ஒரு வாரம் நின்றபோது பார்த்தாள். கடலில் நாலைந்து நாள் இருக்கிற படகில், போதுமான ஐஸ் இருந்தும் அடியில் இருக்கிற மீன் கெட்டுப்போகிறதே என்று அங்கே கேட்டிருக்கிறாள். அது மீனை அடுக்குகிற பெட்டியின் குறை, பெட்டி செய்கிறவர்களைக் கேள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அடுத்த வருஷம் அந்தப் பெட்டிகளுக்குப் பாகங்கள் செய்கிற தட்டாஞ்சாவடி பட்டறைக்குப் போனாள். அங்கே, மீன் எத்தனை நாள் ஐஸில் இருந்தது என்று எங்களுக்கு என்ன தெரியும், விற்கிறவர்களைக் கேள் என்றார்கள். அதனால்தான் வைத்திக்குப்பம். அங்கே ஒரு அக்கா மீனைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே அது எத்தனை நாள் ஐஸில் இருந்தது, பெட்டியில் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிவிடுவாராம்.

"மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு தெரியும். ஐஸ் எங்கே எப்படிக் கரைகிறது என்று முழுசாக யாருக்கும் தெரியாது. எனக்கு அது தெரிய வேண்டும்" என்று முடித்தாள்.

கதவுக்கு வெளியே நான் விரல் விட்டு எண்ணினேன். தேங்காய்த்திட்டு, தட்டாஞ்சாவடி, வைத்திக்குப்பம். மூன்று வருஷமாக ஒரே கேள்வியின் பின்னால் ஒரு பெண் நடந்து போயிருக்கிறாள். மூன்று பாரமும் என் மேஜையில்தான் இருந்தன. நான் அவற்றுக்குத் திருவிழா தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மாள், "கடிதம் எழுதிய ஆசிரியை அங்கே இருக்கிறாரா?" என்று கேட்டார்.

உள்ளே போனேன். ஐஸ் தண்ணீர் கணுக்கால் வரை இல்லை, ஆனால் குளிர் முழங்கால் வரை ஏறியது. புடவை ஓரம் நனைந்தது. பற்கள் கிட்டித்துக்கொள்ளாமல் வணக்கம் சொன்னேன்.

"உங்கள் முதல் கடிதத்தை நீங்களே திரும்பப் பெற்றுவிட்டீர்கள்" என்றார் அவர். "இப்போது இந்த மாணவியைப் பற்றி உங்கள் பரிந்துரை என்று எங்களிடம் எதுவும் இல்லை. விதிப்படி ஒன்று வேண்டும். நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். கேட்டது வேண்டாம், படித்தது வேண்டாம்."

கலைவாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய ஒரு வருஷம் என் வாயில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அழகழகான வாக்கியங்கள் ஏழெட்டு வரிசையில் வந்து நின்றன. விடாமுயற்சி, ஆர்வம், தலைமைப் பண்பு. எல்லாம் நான் நூறு பிள்ளைகளுக்கு எழுதியவை. எதையும் நான் பார்த்திருக்கவில்லை. அப்படியென்றால் இந்தப் பெண்ணிடம் நான் என்னதான் பார்த்தேன்?

"மூன்று வருஷமாக நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றேன். "எனக்குத் தெரியவில்லை என்று அவளுக்குத் தெரியும். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று திருத்தவில்லை. அந்தத் தப்பால் தனக்கே வினை வந்து நின்ற அன்றைக்கும் என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. எனக்கு அவளைப் பற்றி நேரில் தெரிந்தது இது ஒன்றுதான். மற்றதை எல்லாம் இப்போது உங்களோடு சேர்ந்துதான் பார்த்தேன்."

அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். "நன்றி. கால் மரத்துப்போயிருக்கும், வெளியே போங்கள்" என்றார்.

மூன்று வாரம் கழித்து இடம் கிடைத்த செய்தி வந்தது. கலைவாணி என் அறைக்கு வந்து கைபேசியைக் காட்டினாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், வாய் விட்டு, கேட்டே தீர வேண்டும் என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டு, "பரவால்ல மிஸ், கட்டுரை உங்களாலதான் நல்லா இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

என்னுடைய அந்த நாலு வரியால்தான் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். ஐஸை உடைத்தவள் அவள். ஆனால் அதுவரைக்கும் நான் கண்ணால் பார்த்துச் சொன்ன பரிந்துரை அது ஒன்றுதான். அதையும் எழுதிக் கொடுக்கவில்லை, தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். சரியான பேச்சுதான், நானும் ஒன்பதிலேயேதான் ஆரம்பித்தேன். எங்கள் பள்ளியிலிருந்து அந்த ஐஸ் பிளாண்டுக்கு வண்டியில் பத்து நிமிஷம். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் போய்ப் பார்க்கவில்லை.